‘அமைதியாக இருக்கிறார்’

திறந்த கதவு – 9

சென்ற வாரம் ஏர்வாடியைப் பற்றி எழுதியிருந்தேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன் கொட்டகையில் தீப்பிடித்தபோது, எழுந்து ஓட முடியாமல் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகளைப் பற்றி. 28 உயிர்கள். படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “இப்போது சங்கிலி இல்லை என்கிறீர்கள். சரி. அந்த வேலையை மாத்திரை செய்கிறது, அவ்வளவுதானே?”

கோபம் வந்தது. பிறகு மேஸ்திரி நினைவுக்கு வந்தார். கோபம் போய்விட்டது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனநலக் காப்பகத்தில் நான் சமூகப் பணியாளராக இருந்த காலம். அங்கே நாற்பது பேர் தங்கியிருந்தார்கள். மேஸ்திரிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கட்டட வேலை செய்தவர். இருபது வருடத்து மனச்சிதைவு. காதில் கேட்ட குரல்கள் வேறு எந்த மாத்திரைக்கும் மசியாமல், கடைசியில் குளோசபினுக்குத்தான் அடங்கின. காலையில் 100 மில்லிகிராம், இரவில் 300. அந்தச் சீட்டோடும், மடியில் ஒரு கட்டுப் பீடியோடும் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஒரு கட்டு அவருக்கு ஒரு நாளைக்குத்தான் வரும்.

எங்கள் வளாகத்தில் புகை கூடாது. பீடியை வாங்கி வைத்துக்கொண்டோம். இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாளிலிருந்து கேட்கவே இல்லை. ‘பரவாயில்லையே’ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இரவுப் பணிக் குறிப்பேட்டில் ஐந்தாம் நாளிலிருந்து அவர் பெயருக்கு நேரே ஒரே வரி: ‘அமைதியாக இருக்கிறார்.’ ஆறாம் நாளும் அதே. ஏழாம் நாளும் அதே. நாற்பது பேருக்கு இரவில் இரண்டே பேர் காவல் இருக்கும் இடத்தில் இதைவிட நிம்மதியான வரி கிடையாது. படித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

பத்தாம் நாள் காலை குளியலறைக்குப் போகிற வழியில் கால் பின்னி விழுந்தார். நல்லவேளை, தலையில் அடி இல்லை. படுக்கையைத் தட்டிப்போட வந்த ஆயாம்மா தலையணை உறையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிழிந்தால் சொட்டும் போல இருந்தது.

“ஒரு வாரமா ராவெல்லாம் எச்சி வடியுது சார். தெனம் ரெண்டு உறை மாத்துறேன்.”

“ஏன்மா சொல்லல?”

“யார் சார் கேட்டீங்க?”

அன்று வியாழக்கிழமை, மனநல மருத்துவர் வரும் நாள். மருந்து அட்டையில் ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை, எல்லாக் கட்டத்திலும் டிக். அவர் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு மேஸ்திரியின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகத்தில் பீடிக் கறை இன்னும் போகவில்லை.

“பீடி குடிப்பாரே?”

“நிறுத்திட்டோம் டாக்டர்.” என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

“பீடியை நிறுத்துனீங்க, சரி. மாத்திரையைக் குறைச்சீங்களா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கியது இதுதான். குளோசபினை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி. புகையில் இருக்கும் தார் வகைப் பொருள்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. இதற்கும் நிகோட்டினுக்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் புகையிலையை மெல்லுகிறவருக்கு இது நடப்பதில்லை. நாளுக்கு ஒரு கட்டு பீடி இழுத்தவரின் ஈரல், 400 மில்லிகிராமை மளமளவென்று செலவழித்துவந்தது. புகை நின்றதும் ஒரு வாரத்துக்குள் ஈரலின் வேகம் தணிந்துவிடும். விழுங்குவது அதே மாத்திரைதான், ஆனால் இரத்தத்தில் நிற்கும் மருந்தின் அளவு ஒன்றரை மடங்காகலாம், சிலருக்கு இரண்டு மடங்கும் ஆகலாம். தூக்கம், எச்சில், தள்ளாட்டம் எல்லாம் அதன் அடையாளம். இன்னும் ஏறினால் வலிப்பும் வரலாம்.

நாங்கள் அமைதி என்று எழுதிவைத்தது மருந்து மிஞ்சிப்போன மயக்கத்தை.

மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். இது வீட்டில் இருப்பவர்கள் தாங்களாகச் செய்கிற வேலை அல்ல. ஆனால் ‘பீடியை விட்டுவிட்டார்’, ‘மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டார்’ என்கிற சேதியை மருத்துவரிடம் கொண்டுபோவது அவர்கள் வேலைதான். பொங்கலுக்கு வீட்டுக்குப் போய் மறுபடி பீடியைத் தொட்டால் கணக்கு தலைகீழாகும். மருந்து இறங்கும், குரல்கள் திரும்பலாம்.

கவனம் தப்பினால் ஆபத்து என்பதுதான் குளோசபினின் சரித்திரமும். 1975ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் வற்றிப்போய், சாதாரணத் தொற்றுக்கே பலியானார்கள். பல நாடுகளில் மருந்து கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1988ல் அமெரிக்காவில் ஜான் கேனும் சக மருத்துவர்களும், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத 268 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் பழைய மருந்தான குளோர்ப்ரோமசினுக்குத் தேறியவர்கள் நூற்றுக்கு நாலு பேர். குளோசபினுக்குத் தேறியவர்கள் முப்பது பேர். அடுத்த ஆண்டே அங்கே அனுமதி கிடைத்தது, வாரா வாரம் இரத்தம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மருந்தில் எதையும் மாற்றவில்லை. பக்கத்தில் ஒரு கண் வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் பொதுவாக முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை, பிறகு மாதம் ஒருமுறை. இரத்த அறிக்கை காட்டினால்தான் மருந்து என்றிருந்த கட்டாயத் திட்டத்தை 2025ல் அமெரிக்கா கைவிட்டது. பரிசோதனையே வேண்டாம் என்று அமெரிக்கா சொல்லிவிடவில்லை. காப்பகத்தில் இதற்கு ஒரு விதி வைத்திருந்தோம். குளோசபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்துப் படுக்கவைப்பது கிடையாது. அன்றே மருத்துவருக்குப் போன், அன்றே இரத்தம்.

இன்னொரு விதியை ஒரு தாயிடம் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. குளோசபின் சாப்பிடுகிற மகனை மூன்று நாள் விசேஷத்துக்கு அழைத்துப்போனார். மாத்திரைப் பெட்டி எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. “மூணு நாள்தானே சார், இன்னிக்கு ராத்திரி சேர்த்துக் குடுத்துடுங்க” என்றார். சேர்த்துக் கொடுப்பதா? வழக்கமான அளவையே கொடுக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் உடம்பு மருந்துக்குப் பழகியதை மறந்துவிடும். பழைய அளவை அப்படியே கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் சுருண்டு விழலாம். மருத்துவர் சொல்ல, 12.5 மில்லிகிராமிலிருந்து, அதாவது எங்களிடம் இருந்த மிகச் சிறிய மாத்திரையின் பாதியிலிருந்து, மறுபடி ஏறிவர வேண்டும். அந்த அம்மா என் கையிலிருந்த பாதி மாத்திரையைப் பார்த்த பார்வையில், காப்பகம் மாத்திரையை மிச்சம் பிடிக்கிறது என்கிற சந்தேகம் இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கேட்கக் கூச்சமான விஷயம் ஒன்று உண்டு. வெளிக்குப் போனாரா? குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும். மலச்சிக்கல்தானே என்று விட்டால் குடல் அடைத்துக்கொண்டு உயிருக்கே வினையாகும். 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ஐம்பது வயது மனிதரிடம் தினம் இந்தக் கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்க முடியாது. கேட்காமலும் இருக்க முடியாது. காலை மாத்திரையின்போது தனியாகக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு நாள் இல்லையென்றால் சிஸ்டருக்குச் சொல்ல வேண்டும். வயிறு உப்பி வாந்தி என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி.

ஆக, வாசகரின் கேள்விக்கு என் பதில்: ஆமாம், மாத்திரையால் அந்த வேலையைச் செய்ய முடியும். எங்கள் இடத்திலேயே சில நாள் செய்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சீட்டில் எழுதியதைத்தான் கொடுத்தோம், வேளை தவறாமல் கொடுத்தோம். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவரையும் கேட்கவில்லை.

அந்த வாரமே குறிப்பேட்டை மாற்றினோம். ‘அமைதி’ என்ற சொல்லுக்குத் தடை. எத்தனை மணி நேரம் தூங்கினார், பகலில் எத்தனை முறை கண்ணயர்ந்தார், வெளிக்குப் போனாரா, பீடி உண்டா, என்ன பேசினார் என்று தனித்தனிக் கட்டங்கள். ஆயாம்மாவுக்கும் ஒரு கட்டம். அவர் சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதுவார்.

மேஸ்திரி விழுந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதிக்கலாம் என்று மூன்று வாரம் கழித்து ஒரு கொத்தனாரை வரவழைத்தோம். சுவரைக் கொத்திக் கம்பி வைத்துப் பூசிக்கொண்டிருந்தார். அன்றைய குறிப்பேட்டில் மேஸ்திரியின் பக்கத்தில் சிஸ்டர் எழுதியிருந்தது:

‘இரவு 7 மணி நேரத் தூக்கம். தலையணை காய்ந்திருந்தது. வெளிக்குப் போனார். ரசமட்டம் வைக்காமல் பூசுவதாகக் கொத்தனாரோடு அரை மணி நேரம் சண்டை. சுவர் கோணல் என்கிறார். போய்ப் பார்த்தோம். கோணல்தான்.’

(அடுத்த வாரம்: ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்த ஒரு பெண். காரணம் நோயா, மருந்தா?)