ஜேபிஎன் கவுண்டருக்குப் போகுமுன்: உங்கள் பிள்ளைக்குக் குடியுரிமை, உரிமையா விண்ணப்பமா?

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது. மைகார்ட் எடுக்க அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் லீவு போட்டு ஜேபிஎன் எனப்படும் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகிறார்கள். கவுண்டரில் இருப்பவர் பிறப்புப் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்து, ஒரு வரியின் மேல் விரல் வைக்கிறார். "புக்கான் வார்கானெகாரா." குடிமகன் அல்ல. இத்தனை ஆண்டும் அந்த வரி அங்கேதான் இருந்திருக்கிறது. வீட்டில் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அலைச்சல் தொடங்குகிறது. எல்லாரும் ஒரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் பாரம் நிரப்பித் தருகிறார். இன்னொருவர் "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்கிறார். மூன்று, நான்கு ஆண்டு கழித்து ஒரு பக்கக் கடிதம் வருகிறது: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட பல குடும்பங்களில் குறை பிள்ளையிடம் இல்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் வேறு கதவைத் தட்டியதுதான் சிக்கல். சட்ட உதவி முதலில் தேவைப்படும் இடம் இதுதான்.

இரண்டு கதவுகள்

நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் குடியுரிமையை இரண்டு விதமாகப் பார்க்கிறது.

முதலாவது, சட்டத்தின்படி தானாக வருவது. இது 14ஆவது விதி. நிபந்தனை பொருந்தினால் நீங்கள் குடிமகன்தான்; யாரும் மனம் வைத்துத் தர வேண்டியதில்லை. மலேசியாவில் பிறந்து, பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும் என்பதுதான் நீண்ட காலமாக இருந்து வந்த விதி. மலேசியாவில் பிறந்தும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் இந்த விதியின் கீழ் இடம் உண்டு.

இரண்டாவது, விண்ணப்பித்துப் பெறுவது. குடிமகனின் வெளிநாட்டு மனைவிக்கு 15(1), 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சிறப்புச் சூழ்நிலையில் 15ஏ, மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்த முதியவருக்கு 16, நீண்ட நாள் வசித்தவருக்கு 19. இவற்றில் பெரும்பாலானவற்றில் முடிவு அரசாங்கத்தின் கையில். 15ஏ, 19 ஆகியவற்றில் தகுதி எல்லாம் இருந்தும் 'இல்லை' என்று சொல்லப்படலாம்.

உரிமை இருக்கிற பிள்ளைக்கு 15ஏ பாரத்தை நிரப்பிக் கொடுத்தால், கையில் இருப்பதை விட்டுவிட்டுச் சலுகை கேட்டு நிற்பதாக ஆகிவிடும். 14ஆவது விதியின் கீழ் உரிமை இருந்தால், இலாகா மறுத்தாலும், உயர் நீதிமன்றத்தில் 'இவர் குடிமகன்' என்ற பிரகடனம் கேட்கலாம். அதனால், பாரத்தைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என் பிள்ளை எந்தக் கதவுக்கு உரியவன்?

கோயில் கல்யாணமும் பிள்ளையின் குடியுரிமையும்

நம்மவர்களிடையே அதிகம் நடக்கும் தவறு இது. தாலி கட்டியாயிற்று, ஊரே சாப்பிட்டுப் போயிற்று, பதிவு மட்டும் செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டம் திருமண உறவில் பிறந்த பிள்ளையாகக் கருதுவதில்லை. அப்படியானால் குடியுரிமைக்குத் தந்தையைப் பார்க்க மாட்டார்கள். தாயை மட்டுமே பார்ப்பார்கள்.

தந்தை நீலக் கார்டு வைத்திருக்கும் மலேசியர். தாய் இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வந்தவர். திருமணப் பதிவு இல்லை, அல்லது பிள்ளை பிறந்த பிறகுதான் பதிவு. இந்த நிலையில்தான் 'புக்கான் வார்கானெகாரா' எழுதப்படுகிறது. பிறகு பதிவு செய்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் பிறப்புக்குப் பின் பதிவுத் திருமணம் செய்தும், பிள்ளைக்குத் தந்தை வழியில் குடியுரிமை கிடைக்கவில்லை. பிறந்த நேரத்து நிலைதான் கணக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாய் மலேசியர், தந்தை வெளிநாட்டவர் அல்லது யாரென்று பத்திரத்தில் இல்லை. பிள்ளை இங்கே பிறந்தது. திருமணம் பதிவாகவில்லை என்றாலும் அந்தப் பிள்ளை தாய் வழியில் குடிமகன். பயந்துகொண்டு பிறப்பையே பதியாமல் விட்டுவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

1982 மார்ச்சுக்கு முன் நடந்த திருமணங்களுக்கு வேறு கணக்கு. அன்றைய வழக்கப்படி முறையாக நடந்திருந்தால், அவை பதிவானதாகவே சட்டம் ஏற்றுக்கொள்ளும். தாத்தா பாட்டியின் கோயில் கல்யாணம் பேரப்பிள்ளையின் வழக்குக்கு உதவக்கூடும்.

சிவப்புக் கார்டு முதியவர்கள்

1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது, சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். திரும்பாமல் இங்கேயே பால்மரம் வெட்டிக் கிடந்தவர்களில் பலர் இன்றும் சிவப்புக் கார்டோடு இருக்கிறார்கள். ஓட்டுரிமை இல்லை, சில உதவித் தொகைகள் இல்லை.

அவர்களுக்காக இரண்டு விஷயங்கள். மெர்டேக்காவுக்கு முன் மலாயாவில் பிறந்தவர் 16ஆவது விதியின் கீழ் கேட்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய 7 ஆண்டில் 5 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும்; எளிய மலாய் தெரிந்திருக்க வேண்டும். 19ஆவது விதியோ 12 ஆண்டில் 10 ஆண்டு கேட்கிறது; மொழி அறிவும் கூடுதலாக வேண்டும். ஆகவே இங்கே பிறந்தவர் 19இன் கீழ் போவது சுற்றுவழி.

அதைவிட முக்கியமானது: 1957 ஆகஸ்ட் 31க்கும் 1962 செப்டம்பர் இறுதிக்கும் இடையில் மலாயாக் கூட்டரசில் பிறந்தவர்களுக்கு, பெற்றோர் யார் என்று பார்க்காமலே பிறப்பினால் குடியுரிமை உண்டு. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டுமே. அந்த ஆண்டுகளில் இங்கே பிறந்தும் உங்கள் வீட்டுப் பெரியவர் சிவப்புக் கார்டு வைத்திருந்தால், விண்ணப்பம் போடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 2018இல் 60 வயதைத் தாண்டிய 3,407 சிவப்புக் கார்டு இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அத்தகைய தளர்வு வந்தால் கோப்பு தயாராக இருப்பவர்தான் முதலில் பயனடைவார்.

2024 திருத்தம்: எது மாறுகிறது?

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை 206 வாக்குகளுடன் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. டிசம்பரில் மேலவையும் ஒப்புதல் தந்தது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு, தந்தையருக்கு உள்ள அதே உரிமை கிடைக்கிறது என்பது நல்ல செய்தி. அதுவே எல்லாரும் பேசியது.

தோட்டப்புறத்தைத் தொடும் மாற்றங்கள் அதிகம் பேசப்படவில்லை. ஒன்று: இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் 'நிரந்தரவாசி' என்றாலும் போதும் என்ற சொற்கள் நீக்கப்படுகின்றன. அதாவது, கணவன் மனைவி இருவரும் சிவப்புக் கார்டு என்றால், இனி பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. இரண்டு: 15ஏ விண்ணப்பத்தின் வயது வரம்பு 21இலிருந்து 18ஆகக் குறைகிறது. மூன்று: வெளிநாட்டு மனைவி மலாய் மொழியறிவைக் காட்ட வேண்டும், குடியுரிமை பெற்ற 2 ஆண்டுக்குள் மண வாழ்க்கை முறிந்தால் அதை இழக்க நேரலாம்.

நாடாளுமன்றம் நிறைவேற்றும் நாள் வேறு, சட்டம் நடப்புக்கு வரும் நாள் வேறு. நடப்புக்கு வரும் தேதி அரசிதழில் வரும். திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. ஏற்கெனவே குடிமகனாகப் பிறந்தவரின் உரிமை அப்படியே இருக்கும். எனவே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது: "என் பிள்ளை பிறந்த தேதிக்கு எந்த விதி? நான் விண்ணப்பிக்கும் தேதிக்கு எந்த விதி?" பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், 21 வரை நேரம் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம்.

தோட்டம் போனாலும் ஆதாரம் போகாது

"தோட்டத்தை வித்துட்டாங்க, லயத்தை இடிச்சிட்டாங்க, பத்திரம் எங்கே தேடுவது?" என்று கேட்பவர்கள் பலர். தேட இடம் உண்டு.

தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பெரிய ஆதாரம். தோட்டம் மூடப்பட்டாலும் பள்ளி வேறு இடத்துக்கு மாறியிருக்கலாம். பழைய பதிவேடும் உடன் போயிருக்கும். தோட்டத்துச் செக்ரோல், ஊழியர் சேமநிதிக் கணக்கு, அரசாங்க மருத்துவமனையின் பிரசவப் பதிவு, சிறு வயதுத் தடுப்பூசி அட்டை, பெற்றோரின் பழைய அடையாள அட்டை, தோட்டத்துக் கோயில் நிர்வாகப் புத்தகம் எல்லாம் பயன்படும். பிரசவம் பார்த்த மருத்துவச்சியோ, பக்கத்து வீட்டு அக்காவோ உயிரோடு இருந்தால், சத்தியப் பிரமாண ஆணையர் முன் அவர்களது வாக்குமூலத்தை இன்றே வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் இருப்பார்களா என்று யார் சொல்ல முடியும்?

பெயர் எழுத்துகளையும் பாருங்கள். தாத்தா முனியாண்டியின் பெயர் ஒரு பத்திரத்தில் 'ஒய்' எழுத்தில் முடியும், இன்னொன்றில் 'ஐ' எழுத்தில் முடியும். இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் இல்லையென்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். தாய்க்கே பத்திரம் இல்லாதபோது பிள்ளையின் விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப் பயனில்லை. பாட்டியிலிருந்து தொடங்கிச் சங்கிலியாகச் சரிசெய்ய வேண்டும்.

தத்துப் பிள்ளைகள் விஷயத்திலும் கவனம். தத்து ஆணை கிடைத்தால் குடியுரிமையும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெற்றவர் யாரென்றே தெரியாத ஒரு தத்துப் பிள்ளைக்கு 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் குடியுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புக் கதையும் வேறு. அதை வைத்துத்தான் வழக்கு நிற்கும்.

உதவி எங்கே, ஏமாற்று எங்கே

மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் தீபகற்ப மலேசியாவில் உள்ளன. தீபகற்ப மலேசிய வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் தலைக்கு 100 வெள்ளி போட்டு நடத்தும் மையங்கள் இவை. வருமானம் குறைந்தவர் அங்கே முதலில் போகலாம். தோட்டப்புறங்களில் நாடற்றவர் பிரச்சினையில் பல்லாண்டுகளாக வேலை செய்து வரும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள் பத்திரம் திரட்டவும் விண்ணப்பிக்கவும் துணை நிற்கின்றன.

தனியார் வழக்கறிஞரிடம் போனால் நான்கைக் கேளுங்கள். எந்த விதியின் கீழ் போகிறோம்? ஏன்? மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் தர முடியுமா? அசல் பத்திரங்களை நான் வைத்துக்கொண்டு நகல் தரலாமா? நேர்மையான வழக்கறிஞர் இதற்குக் கோபப்பட மாட்டார். ஆண்டுச் சான்றிதழ் பெற்ற வழக்கறிஞர்தானா என்பதை வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

"மூவாயிரம் வெள்ளி கொடு, நீலக் கார்டு வரும்" என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். பொய்யான அடையாள அட்டை வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம். மாட்டுவது ஏஜெண்ட் அல்ல. கார்டு வைத்திருக்கும் உங்கள் பிள்ளை.

நிராகரிப்புக் கடிதம் வந்தால்

கடிதத்தை உறையோடு வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். முடிவை எதிர்த்து நீதிமன்ற மறுஆய்வு கேட்பதென்றால் 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும். காரணமில்லாத கடிதத்தோடு ஆறு மாதம் கழித்து வழக்கறிஞரிடம் போனால், நல்ல வழக்கும் கால தாமதத்தால் வீணாகிவிடும். மறுஆய்வுக்கு இடமில்லை என்றாலும் புதிய ஆதாரத்தோடு திரும்ப விண்ணப்பிக்கத் தடையில்லை. இடையில் வீடு மாறினால் இலாகாவுக்கு முகவரியைத் தெரிவியுங்கள். பழைய வீட்டுக்கு வந்த கடிதம் திரும்பிப் போனதால் நேர்காணலைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் உள்ள பிறப்புப் பத்திரங்களை எல்லாம் எடுத்து, குடியுரிமை என்ற வரியை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பிள்ளை இன்னும் ஒன்றாம் ஆண்டில் இருக்கும்போதே அந்த வரியைக் கண்டுபிடித்தால், கையில் பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது. எஸ்பிஎம் எழுதிய பிறகு கண்டுபிடித்தால் சில மாதங்கள் மட்டுமே.