ஹெல்மெட்டுக்குள்ள ஒரு ஹலோ!

காஞ்சிபுரம் - உத்திரமேரூர் ரோடு. காலை எட்டு மணி. ஓரிக்கை தாண்டி பாலாற்றுப் பாலத்துப் பக்கம் ஓரமா நின்னு ஒரு அரை மணி நேரம் வேடிக்கை பாருங்க. செல்போனும் டூவீலரும் சேர்ந்து நடத்துற சர்க்கஸ் மொத்தத்தையும் டிக்கெட் இல்லாமப் பார்க்கலாம்.

முதல்ல வருவார் 'சாய்ஞ்ச கழுத்து' சாமிநாதன் (பேர் நாங்களா வெச்சதுங்க!). காதுக்கும் தோளுக்கும் நடுவுல செல்லைக் கவ்விக்கிட்டு, உலகத்தையே 45 டிகிரி கோணத்துல பார்த்தபடி போவார். அடுத்தது 'வயர் பார்ட்டி'. ஒரு காதுல இயர்போன், இன்னொரு காதுல காற்று. மூணாவது ஆள்தான் நம்ம ஊர் ஸ்பெஷல். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவுல செல்லைச் செருகியிருப்பார். ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல, தலை நேரா, பேச்சு ஜோரா! அஞ்சு பைசா செலவில்லாம 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' கண்டுபிடிச்ச இந்த மகானுக்கு இன்னும் எந்தப் பல்கலைக்கழகமும் டாக்டர் பட்டம் கொடுக்கலை.

இதே ரோட்டுல போனா, காஞ்சிபுரத்துலேர்ந்து சுமார் 16 கிலோமீட்டர்ல மாகறல். செய்யாற்றங்கரையில, திருஞானசம்பந்தர் பாடின திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். எங்க சித்தப்பா அங்கேதான் பட்டுத் தறி போட்டிருக்கார். அவருக்கு டூவீலர் இன்னொரு தறி மாதிரி. பாவு வாங்கணும்னா காஞ்சிபுரம், ஜரிகை தீர்ந்தா காஞ்சிபுரம், சேலை முடிஞ்சா கொண்டுபோய்க் கொடுக்கவும் காஞ்சிபுரம். கரெக்டா நடுவழியில முதலாளிகிட்டேர்ந்து போன் வரும். எடுக்கலைன்னா அடுத்த பாவு வேற வீட்டுக்குப் போயிடுமோன்னு பயம். அதனால அவரும் 'செருகல்' கட்சிதான். "இன்ஜினீயரிங் படிக்கிறியே, இந்தச் செல்லை ஒழுங்கா ஹெல்மெட்டுல மாட்டித் தர முடியாதாடா?"ன்னு போன லீவுல கேட்டுட்டார்.

நியாயமான கேள்விதான். ஏன்னா நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் லேசுப்பட்டதா? ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல ஆரம்பிச்ச நோக்கியா தொழிற்சாலை 2014-ல மூடினது வரைக்கும் கோடிக்கணக்கான செல்போனை உலகத்துக்கு அனுப்பிச்சு. இப்போ அதே ஸ்ரீபெரும்புதூர்ல ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்யுது. ஒரகடத்துலேயும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு புல்லட் தயாராகுது. செல்லும் நம்ம மாவட்டம், பைக்கும் நம்ம மாவட்டம். ரெண்டையும் சேர்க்கிற இடத்துல மட்டும் கன்னத்துல செருகல்!

இந்தச் சங்கதி உலகத்துக்குப் புதுசில்லை. ஹோண்டா கோல்டு விங் மாதிரி சோபா சைஸ் பைக்குகள்ல செல்போன் பரவுறதுக்கு முன்னாடியே ரேடியோவும், ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர்-மைக்கும் வந்தாச்சு. ஹெல்மெட்லேர்ந்து ஒரு வயர் தொங்கும், அதை வண்டியில செருகணும். அப்புறம் செல்போன் வந்ததும், அதையும் இந்த வயர் கூட்டணியில சேர்க்கப் பார்த்தாங்க. அங்கேதான் வில்லன் என்ட்ரி. செல்லை வண்டி பேட்டரியில சார்ஜ் போட்டுக்கிட்டே அதோட ஆடியோவையும் வண்டியில கொடுத்தா, காதுக்குள்ள 'ங்ஙொய்ய்ங்'னு ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரைத் திருகினா சத்தமும் ஏறும்! வண்டியோட ஆல்டர்னேட்டர் அலைதான் அது. செல்லுக்கும் வண்டிக்கும் நடுவுல எர்த் ரெண்டு வழியா இணைஞ்சு வட்டம் போட்டுடுது, அந்த வட்டத்துல ஓடுற கரன்ட் ஆடியோவுல கலந்துடுது. நடுவுல குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வெச்சா, ஆடியோ மட்டும் தாண்டும், வட்டம் அறுந்துடும். செகண்ட் இயர்ல டிரான்ஸ்ஃபார்மர் பாடம் எதுக்குன்னு தூங்கினவங்க கொஞ்சம் எழுந்திரிங்கப்பா.

ப்ளூடூத் வந்ததும் இந்த வயர் பிரச்னை போயே போச்சு. இன்னிக்கு ஹெல்மெட் செட்னா தீப்பெட்டி அளவுல ஒரு டப்பா, ரெண்டு தட்டை ஸ்பீக்கர், ஒரு மைக். டப்பாவை ஹெல்மெட்டோட இடது பக்கம் கிளிப்போ, ஒட்டுறதோ செய்யணும். இடது பக்கம் ஏன்? வலது கைக்கு ஆக்ஸிலரேட்டர் வேலை இருக்கே! பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிச்சா லைட் மினுக்கும். செல்லுல ப்ளூடூத் லிஸ்ட்ல பேர் வரும், தொட்டா முடிஞ்சது. பழைய செட்டு பாஸ்வேர்டு கேட்டா பெரும்பாலும் நாலு சைபர்தான்.

இதுல ஒரு மேட்டர். பாட்டு கேக்கும்போது இளையராஜா பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். அதே செட்டுல கால் வந்தா, குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி ஆயிடும். செட்டு டூப்ளிகேட்னு கடைக்காரரோட சண்டைக்குப் போயிடாதீங்க. ப்ளூடூத்துக்குள்ள பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு ஒருவழிப் பாதை, தாராளமா ஸ்டீரியோ ஓடலாம். பேச்சு போகவும் வரவும் வேணும், அதுவும் தாமதமில்லாம. அதனால பழைய முறையில விநாடிக்கு 8,000 சாம்பிள்தான் எடுக்கும், புது முறையில 16,000. சிடி பாட்டுக்கு 44,100. இப்போ புரியுதா குடம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு?

இந்தப் பேச்சு வழியை வெச்சு ஒரு ஃபோர்ஜரி வேலையும் நடக்குது. உங்க செட் ஒரு கம்பெனி, நண்பன் செட் வேற கம்பெனி. ரெண்டும் இன்டர்காம்ல பேசிக்காது. அப்போ ஒரு செட்டு, 'நான் ஹெல்மெட் இல்லீங்க, செல்போன்'னு இன்னொண்ணுகிட்ட வேஷம் போடும். அது நம்பி கனெக்ட் ஆயிடும்! 'யுனிவர்சல் இன்டர்காம்'னு அட்டையில போட்டிருக்கிறதோட ரகசியம் இவ்வளவுதான்.

வண்டியே நடுவுல புகுந்தா கதை மாறும். 2018 கோல்டு விங்தான் ஆப்பிள் கார்ப்ளே வந்த முதல் பைக். செல்லு வண்டியோட பேசும், வண்டி ஹெல்மெட்டோட பேசும். ஹெல்மெட் செட் இணையலைன்னா ஸ்கிரீன்ல கார்ப்ளேவே வராது. நம்ம ஊர்ல ரூட்டு வேற. ஓசூர் டிவிஎஸ் 2018-ல என்டார்க் ஸ்கூட்டரை ப்ளூடூத்தோட இறக்கிச்சு. 2020-ல ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, வழி காட்டுற 'டிரிப்பர்' வட்டத்தோட வந்துச்சு. இதுல எல்லாம் வண்டிக்குப் போறது தகவல் மட்டும்தான். யார் கூப்பிடுறாங்க, எந்தப் பக்கம் திரும்பணும்னு கண்ணுக்குக் காட்டும். குரல் செல்லுலேர்ந்து நேரா ஹெல்மெட்டுக்குத்தான் போகும். அதனால ரெண்டு தடவை பேரிங் பண்ணணும். ஒண்ணு பண்ணிட்டு இன்னொண்ணு வேலை செய்யலைன்னு சர்வீஸ் சென்டர் வாசல்ல நிக்கிற பசங்க நிறைய பேர்.

சரி, மாட்டுறது எப்படி? ஸ்பீக்கர் காது ஓட்டைக்கு நேரா உக்காரணும், ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் சத்தம் பாதியாயிடும். நல்ல ஹெல்மெட்டுல துணி உறைக்குப் பின்னாடி காதுக்குன்னே குழி இருக்கும். குழி இல்லைன்னா, சில கடையில கத்தியை எடுத்து உள்ளே இருக்கிற தெர்மகோலைச் சுரண்டிக் கொடுக்கிறாங்க. இன்னும் சிலர் வெளி ஓட்டுலேயே டிரில்லிங் மிஷினைப் போடுறாங்க. ப்ளீஸ், ரெண்டும் வேணாம். விழுந்த வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கிறது அந்தத் தெர்மகோல்தான். 2021 ஜூன் மாசத்துலேர்ந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விக்கவே கூடாதுன்னு விதி. முத்திரையோட வாங்கி வந்து, அதைக் குடைஞ்சா முத்திரைக்கு என்ன மரியாதை?

இப்போ சித்தப்பாவோட செருகலை இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்க. எல்லாப் பக்கமும் நசுங்குற பஞ்சு மெத்தை, ஒரு பக்கம் மட்டும், அதுவும் மண்டை ஓடு மெல்லிசா இருக்கிற பொட்டுப் பக்கம், கண்ணாடியும் உலோகமுமா ஒரு பலகை. போதாததுக்கு ஹெல்மெட்டும் அந்தப் பக்கம் விரிஞ்சு லூஸாகும், வார்ப் பட்டியும் சரியா இறுகாது. 2022-ல மட்டும் இந்தியாவுல ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கை சொல்லுது. சித்தப்பா ஹெல்மெட் போட்டவர் கணக்குலதான் வருவார். ஆனா பாதிதான் போட்டிருக்கார்.

அப்போ ப்ளூடூத் செட் வாங்கிக் கொடுத்துட்டா பிரச்னை தீர்ந்துச்சா? நானும் அப்படித்தான் நினைச்சுத் தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, சிக்கல் கையில இல்லை, தலைக்குள்ளேன்னு தெரிஞ்சுது.

1997-ல கனடாவுல ரெடெல்மையர், டிப்ஷிரானின்னு ரெண்டு பேர் டொரன்டோ பகுதியில விபத்துல சிக்கின 699 கார்க்காரங்களோட போன் பில்லை எடுத்து, மோதின நேரத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. போன் பேசும்போது விபத்து அபாயம் ஏறக்குறைய நாலு மடங்கு. கையில பிடிக்காம பேசுற போனால எந்த லாபமும் அவங்க கணக்குல தெரியலை! அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்ட்ரேயர் குழு சிமுலேட்டர்ல ஓட்ட வெச்சு இதையே திரும்பத் திரும்பப் பார்த்துச்சு. பேசுறவங்க கண்ணு ரோட்டைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா பார்த்தது மனசுல பதியலை. எல்லாம் கார் ஆராய்ச்சிதான். ஆனா ரெண்டு சக்கரத்துல பேலன்ஸும் நாமதான் பார்க்கணும், காத்துச் சத்தத்தையும் நாமதான் தாங்கணும். 80 கிலோமீட்டர் வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ளேயே சத்தம் 90 டெசிபலைத் தொடும். அந்த இரைச்சல்ல எதிர்முனை பேசுறதைப் பிடிக்கவே மூளை தனியா ஓவர்டைம் பார்க்கணும்.

'அப்போ பின்னாடி உக்காந்திருக்கிற நண்பன் பேசலாமா?'ன்னு எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் மடக்கினான். இதுக்கும் ஸ்ட்ரேயர் குழு 2008-ல பதில் வெச்சிருக்கு. பக்கத்துல இருக்கிறவர் ரோட்டைத் தானும் பார்க்கிறார். டிப்பர் லாரி எதிர்ல வந்தா தானா வாயை மூடிடுவார், 'டேய் லாரிடா'ன்னும் சொல்வார். போன்ல இருக்கிறவருக்கு லாரி தெரியாது. முக்கியமான கட்டத்துலதான் 'ஹலோ... ஹலோ... கேக்குதா?'ன்னு கத்துவார்.

அதுக்காக ஹெல்மெட் செட்டே வேஸ்ட்னு சொல்ல வரலை. 'இருநூறு மீட்டர்ல இடது பக்கம் திரும்பவும்'னு காதுல கேக்கிறது, ஹேண்டில்பார்ல மாட்டின மேப்பைக் குனிஞ்சு பார்க்கிறதைவிட ஆயிரம் மடங்கு மேல். 60 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க, அஞ்சு விநாடி குனிஞ்சு பார்க்கிறீங்கன்னு வைங்க. 83 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டுப் போனதுக்குச் சமம். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைப் படுக்க வெச்சாக்கூட அவ்வளவு நீளம் வராது. (ஹேண்டில்பார்ல போன் மாட்டுறவங்களுக்கு இன்னொரு தகவல்: பெரிய இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம்னு ஆப்பிளே 2021-ல அறிவிச்சிருக்கு.)

சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தம், ஓட்டும்போது கையில பிடிக்கிற போனைப் பயன்படுத்துறதை ஆபத்தான ஓட்டுதல் கணக்குல சேர்த்திருக்கு. 2020 அக்டோபர்லேர்ந்து, கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்னு விதியில சலுகை. செருகி வெச்ச செல் 'கையில' இல்லையேன்னு போலீஸ்கிட்ட வக்கீல் மாதிரி பேசிப் பார்க்கிறவங்க பேசிப் பார்க்கலாம். அவர் கேட்டுக்கிட்டு நிப்பாரான்னுதான் சந்தேகம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வசதி எதுன்னா, பேச வைக்கிறது இல்லை, பேசாம விட வைக்கிறது. என்டார்க்ல 'ஆட்டோ ரிப்ளை' இருக்கு. யாராவது கூப்பிட்டா, ஓட்டிக்கிட்டிருக்கார்னு தானாவே எஸ்.எம்.எஸ். போயிடும். ஐபோன்ல 2017-லேர்ந்தே இப்படி ஒரு வசதி உண்டு. புது வண்டி, ஐபோன் எல்லாம் வேணும்னு இல்லை, சாதா ஆண்ட்ராய்டு போனுக்கே இதுக்குன்னு ஆப் இருக்கு.

சித்தப்பா செல்லுல அதைத்தான் போட்டோம். இங்கிலீஷ்ல இருந்த மெசேஜை அழிச்சுட்டு அவரே தமிழ்ல டைப் பண்ணினார்: 'வண்டியில் வருகிறேன். ஓரிக்கை வந்ததும் பேசுகிறேன்.' எடுக்காம விட்டா முதலாளி கோவிச்சுக்குவாரோன்னுதான் இத்தனை நாள் பயம். எடுக்காததுக்குக் காரணமே முதலாளி செல்லுக்குப் போயிடுறதால, இப்போ ரோட்டோரம் நிறுத்தித்தான் திரும்பக் கூப்பிடுறார். ஹெல்மெட் செட்டும் ஒண்ணு வேணும்னு அடம் பிடிச்சார். வாங்கியாச்சு. பழைய பாட்டு கேக்குறதுக்காம்!

நீங்களும் வாங்குறதா இருந்தா, விலை ஆயிரத்துச் சொச்சத்துலேர்ந்து முப்பதாயிரத்துக்கு மேல வரைக்கும் இருக்கு. தனியா ஓட்டுற காலேஜ் பசங்களுக்குப் பல பேர் சேர்ந்து பேசுற மெஷ் இன்டர்காம் எல்லாம் தேவையே இல்லை. முகம் முழுக்க மூடின ஹெல்மெட்னா, குச்சி மைக் வேணாம், தாடைப் பக்கம் ஒட்டுற பட்டன் மைக் கேட்டு வாங்குங்க. தண்ணி புகாததான்னு பாருங்க. பட்டன் பெரிசா இருக்கான்னு கையுறை போட்டுக்கிட்டு கடையிலேயே அழுத்திப் பாருங்க. கையில ஹெல்மெட்டுக்கும் செட்டுக்கும் சேர்த்து மூவாயிரம்தான் இருக்குன்னா, முதல்ல ஹெல்மெட்டை வாங்குங்க. செட்டு அடுத்த செமஸ்டருக்கு வரட்டும்.