சீனமொழியில் வழி கேட்பது எப்படி?

பெய்ஜிங் நகரத் தெருவில் வழி தெரியாமல் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் அறியாதவரிடம் மரியாதையாகப் பேச்சைத் தொடங்கச் சீனர்கள் சொல்வது, 'சிங் வென்'. 'தயவுசெய்து, ஒன்று கேட்கலாமா?' என்று பொருள். இதில் 'வென்' என்பதை மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொல்லவேண்டும். அதையே தாழ்ந்த குரலில் இழுத்துச் சொன்னால் 'முத்தமிடு' என்றாகிவிடும்! எழுத்தொலி ஒன்றேதான், அதிர்வெண்ணின் போக்குத்தான் வேறு.

நம் தொண்டையிலுள்ள குரல் நாண்கள் அதிர்வதால் குரல் பிறக்கிறது. ஆண்கள் பேசும்போது அவை வினாடிக்குச் சுமார் 100 முதல் 150 முறையும், பெண்கள் பேசும்போது 200 முறைக்குச் சற்று முன்பின்னாகவும் அதிர்கின்றன. நாண் இறுகினால் அதிர்வெண் கூடும். சுரமானிக் கம்பியில் எடையைக் கூட்டி நாம் செய்யும் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழிலும் குரல் ஏறி இறங்கத்தான் செய்கிறது. 'சரி' என்பதைச் சம்மதமாகவும் சொல்லலாம், சலிப்பாகவும் சொல்லலாம். ஆனால் சொல் அதேதான். சீனத்திலோ சொல்லே மாறிவிடும். மாண்டரின் எனப்படும் பொதுச் சீனமொழியில் இத்தகைய தொனிகள் நான்கு.

இங்கே ஒரு சந்தேகம் எழவேண்டும். தந்தையின் உயர்ந்த தொனி, மகளின் தாழ்ந்த தொனியைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் இருக்கலாமே? பிறகு எப்படிப் புரிகிறது? காது ஹெர்ட்ஸ் கணக்குப் பார்ப்பதில்லை. பேசுபவரின் குரல் எல்லைக்குள் எது மேல், எது கீழ் என்றே பார்க்கிறது. ஒரே பாட்டை ஒரு கட்டையிலும் பாடலாம், ஐந்து கட்டையிலும் பாடலாம் அல்லவா? அதுபோலத்தான்.

இதை எண்ணாக எழுதும் வழியை 1930-இல் தந்தவர் யுவென் ரென் சாவ் என்ற மொழியியல் அறிஞர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிலகாலம் இயற்பியல் கற்பித்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி! மிகத் தாழ்ந்த நிலை 1, மிக உயர்ந்தது 5. சமத் தொனி 55. ஏறும் தொனி 35. தாழ்ந்த தொனி 214. இறங்கும் தொனி 51. ஆக, கேட்பதற்கான 'வென்' 51; முத்தம் 214.

இனி வணக்கம் சொல்வோம்: 'நீ ஹாவ்'. இந்த 'நீ' நம் 'நீ'யேதான், பொருளில்! தற்செயலான ஒற்றுமை, உறவு ஏதுமில்லை. இரண்டு சொல்லும் தாழ்ந்த தொனி உடையவை. அடுத்தடுத்து வந்தால் முன்னது ஏறும் தொனியாகிவிடும். பெரியவர்களிடம் 'நின் ஹாவ்' என்பார்கள். 'நின்' இயல்பாகவே ஏறும் தொனி. எனவே மரியாதை முழுவதையும் அந்த 'ன்' ஒன்றே சுமக்கிறது.

நன்றிக்கு 'ஷியே ஷியே'. முதலாவது 51, இரண்டாவதை லேசாகத் தொட்டு விடவேண்டும். பதிலுக்கு அவர், 'பூ கெச்சி' என்பார். 'விருந்தாளிபோல் உபசாரம் பேசவேண்டாம்' என்பது அதன் உட்கருத்து.

தொண்டையில் விரலை வைத்து 'வென்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பிறகு கிசுகிசுத்துச் சொல்லுங்கள். அதிர்வே இராது. ஆயினும் சீனர்களும் ரகசியம் பேசுகிறார்கள்! தாழ்ந்த தொனி நீளும், இறங்கும் தொனி சுருக்கென முடியும். அந்தக் கால அளவும் பேச்சின் சந்தர்ப்பமும் கைகொடுக்கின்றன.