துரியனுக்கு ஒன்று, மங்குஸ்தானுக்கு வேறு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில் பர்லியார். 1871இல் தொடங்கிய அரசு தோட்டக்கலைப் பண்ணை அங்கே இருக்கிறது. துரியனும் மங்குஸ்தானும் அந்தப் பண்ணையின் புகழ்பெற்ற பழங்கள். மரபணுத் தொகுதியைப் படிக்க முனைபவருக்கு இரண்டும் இருவேறு தலைவலிகள்.

குரோமோசோமை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி கிடையாது. துண்டு துண்டாகத்தான் படிக்க முடியும். ஒரே பஞ்சாங்கத்தின் நூறு பிரதிகளைக் கிழித்துக் கலந்துவிட்டு, வரிகளை ஒத்துப் பார்த்து ஒரு முழுப் பஞ்சாங்கம் ஒட்டுகிற வேலை அது. அதைச் செய்யும் மென்பொருளுக்கு அசெம்பிளர் என்று பெயர். ராகுகாலமும் எமகண்டமும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன அல்லவா? செடிகளின் டி.என்.ஏ.வும் அப்படித்தான். பர்லியாருக்கு மேலே குன்னூர் சரிவுகளில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய 80 சதவீதம் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். டி.என்.ஏ.வின் 150 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு அப்படியொரு பகுதிக்குள்ளேயே தொடங்கி முடிந்தால் அது எந்தப் பக்கத்தது என்று சொல்ல வழியில்லை. போதாக்குறைக்கு, குரோமோசோமின் தாய்வழிப் பிரதி வாக்கியப் பஞ்சாங்கம், தந்தைவழிப் பிரதி திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று சற்றே மாறுபடும்.

2008இல் வந்த வெல்வெட் போன்ற மென்பொருள்கள் குட்டைத் துண்டுகளுக்கானவை. பிறகு பல்லாயிரம் எழுத்து நீளத் துண்டுகள் கிடைத்தன. அவற்றுக்கென கானு, ஃப்ளை, ஃபால்கன் ஆகிய அசெம்பிளர்கள் வந்தன. 2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மூசாங் கிங் என்ற துரியன் வகையின் மரபணுத் தொகுதியை ஃபால்கன் கொண்டு தொகுத்தார்கள். குரோமோசோம்கள் செல்லுக்குள் மடிந்து கிடக்கும் விதத்தையும் துப்பாக வைத்துக் கோத்தபோது 30 பெரும் துண்டுகள் கிடைத்தன. துரியனுக்கு இருப்பதோ 28 ஜோடி குரோமோசோம்கள். கிட்டத்தட்ட முழு வெற்றி என்பேன். பழத்தின் நாற்றத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் எம்.ஜி.எல். மரபணு அதில் பல நகல்களாக இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மங்குஸ்தான் இன்னும் கடினம். அதன் விதை கருவுறாமலே உண்டாகிறது. குரோமோசோம் தொகுதிகளும் இரண்டல்ல, நான்கு என்றே கருதப்படுகிறது. இரண்டு பிரதிகளை எதிர்பார்த்து எழுதிய மென்பொருள் அங்கே தடுமாறும்.

எந்த அசெம்பிளரின் தொகுப்பு சிறந்தது என்று எப்படி அளப்பது? பலரும் முதலில் பார்ப்பது என்50: துண்டுகளை நீளத்தின்படி அடுக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால், மொத்தத்தில் பாதியைத் தொடும் துண்டின் நீளம். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. தப்பாக ஒட்டினாலும் நீளம் கூடும். பஸ்கோ சோதனை நேர்மையானது. பெரும்பாலான செடிகளில் ஒரே நகலாக இருக்கவேண்டிய மரபணுக்கள் தொகுப்பில் இருக்கின்றனவா என்று அது எண்ணும். பல மரபணுக்கள் இரட்டையாகத் தெரிந்தால், தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். மங்குஸ்தானிலோ அந்த இரட்டிப்பு மரத்தின் இயல்பாகவே இருக்கக்கூடும்.

2013இல் வெளியான அசெம்பிளத்தான் 2 போட்டியில் 21 குழுக்கள் ஒரு கிளி, ஒரு மீன், ஒரு பாம்பு ஆகியவற்றுக்கு 43 தொகுப்புகள் தந்தன. எல்லாவற்றிலும் முதலிடம் பெற்ற மென்பொருள் ஒன்றுகூட இல்லை. செடி அந்தப் பட்டியலிலேயே இல்லை!

2021இல் வந்த ஹைஃபியாஸ்ம், துல்லியமான நீளத் துண்டுகளை வைத்து இரு பிரதிகளையும் பிரித்தே தருகிறது. ஆய்வு மாணவர்களே, இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசம். ஒரே தரவை இரண்டு மூன்றில் ஓட்டி ஒப்பிட்ட பிறகு உங்கள் செடிக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.