குடிநீர் கூட்டாக வருகிறது... கழிவு மட்டும் ஏன் தனித்தனியா? புதுக்கோட்டை சிறுநகரங்களின் சுகாதாரச் சிக்கல்

ஆற்றில் எடுக்கும் தண்ணீர், 2009-ல் தொடங்கப்பட்ட ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாக ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை என மூன்று மாவட்டங்களுக்குப் போகிறது. 3,000-க்கும் மேற்பட்ட கிராமக் குடியிருப்புகளும் பல நகரங்களும் பங்கு போட்டுக்கொள்ளும் திட்டம் இது. ஆனா, செப்டிக் டேங்க் நிரம்பினால் மட்டும் அவரவர் ஊர், அவரவர் பாடு!

என்ன ஆபத்து?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, அறந்தாங்கி நகராட்சி, ஆலங்குடி, கீரனூர், இலுப்பூர் உட்பட பல பேரூராட்சிகள் இருக்கின்றன. பாதாள சாக்கடை இல்லாத சிறுநகரங்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அடியில் பூசாத தொட்டி என்றால் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்து போர்வெல் வரை போகும். உறிஞ்சி எடுக்கும் லாரி அதை இரவோடு இரவாக ஓடையிலோ கண்மாயிலோ கொட்டினால், வாந்திபேதியும் மஞ்சள் காமாலையும் அடுத்த ஊரில் வரும். அந்த ஊர்க்காரர்களுக்குக் காரணமே தெரியாது.

தனியா சமாளிக்க முடியாதா?

கஷ்டம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிலம், ஆள், பராமரிப்புச் செலவு எல்லாம் வேண்டும். ஒரு பேரூராட்சியின் கழிவு மட்டும் வந்தால் நிலையம் பாதி நாள் சும்மா கிடக்கும். அதனால்தான் 2014-ல் தமிழக அரசு வெளியிட்ட கழிவு மேலாண்மை வழிகாட்டுதல், பக்கத்துப் பக்கத்து உள்ளாட்சிகளைக் குழுவாகச் சேர்த்து ஒரே நிலையத்துக்கு அனுப்பச் சொன்னது.

எங்கே நடந்திருக்கிறது?

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் வந்த நிலையத்தில், பக்கத்து மதுராந்தகத்தின் கழிவும் சுத்திகரிக்கப்படுகிறது. கசடை மணல் படுகையில் பரப்பிக் காயவைப்பதுதான் அடிப்படை. பெரிய இயந்திரமெல்லாம் இல்லை. கோவை அருகே பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் இதேபோல ஒரு நிலையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

அப்போ என்னதான் தடை?

தொழில்நுட்பம் இல்லை, நிர்வாக எல்லைதான். பேரூராட்சி நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ் வருகிறது; அதை ஒட்டியிருக்கும் ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறையின் கீழ். லாரி ஒரு தெருவைத் தாண்டினாலே துறை மாறிவிடும். நிலையம் அமைக்கும் காலி இடம் பெரும்பாலும் ஊராட்சிப் பக்கம்தான் கிடைக்கும். "டவுன் கழிவு எங்க ஊருக்கு எதுக்கு?" என்று அங்கே கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஊராட்சி வீடுகளின் கழிவையும் அதே நிலையத்தில் எடுத்துக்கொண்டால்தான் அந்தப் பேச்சுவார்த்தை நகரும்.

நகர, ஊரகத் திட்டங்களை ஒன்றாக இணைக்கத்தான் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவை உருவாக்கியது. சுகாதாரத் துறை ஏற்கெனவே இந்த எல்லைகளைத் தாண்டித்தான் வேலை செய்கிறது: புதுக்கோட்டை, அறந்தாங்கி என மாவட்டத்தையே இரண்டு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்து, டவுன், கிராமம் இரண்டையும் சேர்த்தே நோயைக் கண்காணிக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை லாரியைக் கூப்பிடும்போது, உள்ளாட்சியில் பதிவு செய்த வண்டியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்டுவிட்டு காசு கொடுங்கள்.