கதிர் அறுக்கும் நாளில் குடும்பத்தோடு

காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று பெற்றோர் எண்ணத் தொடங்குகின்றனர். மலைகளும் கடற்கரைகளும் நினைவுக்கு வருகின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் அதே நாள்களில்தான் குறுவை அறுவடை நடைபெறுகிறது என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்காக ஜூன் 12-ஆம் நாள் அதனைத் திறப்பது மரபு. ஆற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ நம்பி நடப்படும் குறுவை, ஏறக்குறைய நூற்றுப்பத்து நாள்களில் முற்றிப் புரட்டாசியில் அறுவடைக்கு வந்துவிடும். உழவர் விதைக்கும் ஏ.டி.டி. நெல் வகைகள் 1922-இல் தொடங்கப்பெற்ற ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை.

சில ஆண்டுகளுக்கு முன், நகரில் பணிபுரியும் ஒருவர் தம் மனைவி மக்களுடன் எங்கள் பங்கிலுள்ள தந்தையின் வயலுக்கு வந்திருந்தார். அன்று நானும் உடன் சென்றேன். முன்பு ஆள்கள் பலர் கருக்கரிவாளுடன் பகல் முழுதும் அறுத்த வயலை, இயந்திரம் ஒரு மணி நேரத்திற்குள் அறுத்து முடித்தது. பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

பத்து வயதுப் பேத்தி வயலின் மூலையில் சிந்திக் கிடந்த கதிர்களைப் பொறுக்கிக் கை நிறைய வைத்திருந்தாள். பாட்டனார் அருகே வந்து, "அம்மாடி, அவை நம்முடையவை அல்ல, அதோ நிற்கிறாரே, அந்த ஆயாவுக்கு உரியவை. உனக்கு வேண்டுமானால் நம் குவியலிலிருந்து எடுத்துக்கொள்" என்றார். வரப்பில் சாக்கும் முறமுமாக ஒரு மூதாட்டி காத்திருந்தார். இயந்திரம் வந்தபின் அவருக்குக் கூலி வேலை குறைந்துவிட்டது. பொறுக்கும் நெல்லே மிச்சம். சிறுமி ஓடிச் சென்று கதிர்களை அவர் முறத்தில் வைத்தாள்.

வயலின் ஓரங்களை முற்ற அறுக்க வேண்டாம், சிந்தியதைப் பொறுக்க வேண்டாம், அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்பது லேவியர் நூல் 19-ஆம் அதிகாரம் தரும் சட்டம். பெத்லகேம் வயலில் அவ்வாறு கதிர் பொறுக்கிய அயல்நாட்டுக் கைம்பெண் ரூத்தே, தாவீது அரசரின் பாட்டனாரைப் பெற்றெடுத்தார். அந்தப் பாட்டனார் சட்டம் பேசவில்லை, செய்து காட்டினார்.

மாலையில் நெல் கொள்முதல் நிலையத்திற்குச் சென்றது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் வாங்குவதில்லை என்பது பொது விதி. மழை மிகும் ஆண்டுகளில் மட்டும் மைய அரசு சிறிது தளர்த்துவதுண்டு. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வேளையில் நெல் எவ்வாறு காயும்? அன்றிரவு மழை தூறியது. தந்தையும் மகனும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு குவியலருகே விழித்திருந்தனர். காலையில் குடும்பத்தார் அனைவரும் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிவிட்டனர். "இருபது ஆண்டுகளாக அப்பா தனியாகவே இதைச் செய்து வந்திருக்கிறார், சாமி" என்று மகன் என்னிடம் கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது.

அன்புப் பெற்றோரே, வரும் விடுமுறையில் ஒரு நாளாவது அறுவடை வயலுக்குச் செல்லுங்கள். முன்கூட்டியே உழவரிடம் இசைவு பெறுங்கள். இயந்திரம் ஓடும்போது பிள்ளைகளை நெருங்கவிடாதீர்கள். வைக்கோலிலும் வரப்புப் பொந்திலும் பாம்பு இருக்கலாம். செருப்பின்றி நடக்க வேண்டாம். காய்கறியோ இளநீரோ பெற்றால் விலை பேசிக் குறைக்காதீர்கள். வெறும் வேடிக்கை பார்த்துத் திரும்பாமல், ஒரு கூடை நெல்லையாவது பிள்ளைகள் தூற்றட்டும். பதர் பறப்பதையும் மணி நிற்பதையும் அவர்கள் கண்ணாரக் காணட்டும்.

ஊரில் வயதான தந்தை இன்னும் ஏர் பிடிப்பவராயின், வேறு இடம் தேட வேண்டியதே இல்லை. அவருடைய களத்துமேட்டுக்கே செல்லுங்கள். உங்கள் வருகையை அவர் பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருக்கக்கூடும்.