பாம்புக்கு எத்தனை அடிப் பெட்டி?

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் அரிசி மூட்டை இருக்கும்வரை எலி இருக்கும். எலி இருக்கும்வரை சாரையும் வரும். அதைப் பிடித்து வளர்க்க ஆசைப்பட்டால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் தகவல் தந்தால், பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒரு குழாயும் துணிப்பையுமாக வந்து சேர்வார். பாம்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. குழாயின் வாயைக் காட்டினால், இருட்டும் நெருக்கமும் கண்டு அதுவாகவே உள்ளே நுழைந்துவிடும்.

சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இந்தக் குணத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. நஞ்செடுக்கப் பிடித்த பாம்பை மணல் போட்ட மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டிவைப்பார்கள். சில வாரங்களில் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

சில வாரங்களுக்குப் பானை போதும். வளர்ப்புப் பாம்பு அப்படி இல்லை. கடைகளில் பால் பைத்தான் என்று விற்கப்படும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. (இது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். வைத்திருப்பவர் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.) "பாம்புக்குச் சின்ன இடம்தான் பிடிக்கும்" என்று சொல்லி, பெட்டிகளை இழுப்பறை போல அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பை வைத்து இனப்பெருக்கம் செய்வோர் உலகெங்கும் உண்டு. எனக்கு இது வளர்ப்பவரின் வசதிக்காகப் பிறந்த வாதமாகவே படுகிறது. பாம்பு நெருக்கத்தைத் தேடுவது ஒளிந்துகொள்ள. நாளெல்லாம் குடியிருக்க அல்ல.

ஊர்வன ஆய்வாளர் கிளிஃபர்ட் வார்விக் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 65 பாம்புகளை ஒரு மணி நேரம் கவனித்திருந்தார்கள். அவற்றில் 24 பாம்புகள் உடலை நேராக, அல்லது ஏறக்குறைய நேராக நீட்டின. சுருண்டு கிடப்பதே பாம்பின் இயல்பு என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது. 1998இல் நைஜீரியாவின் தென்கிழக்குக் காடுகளிலிருந்து வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆண் பந்து மலைப்பாம்புகள் மரமேறிப் பறவைகளையும் தின்கின்றன. வளைக்குள் முடங்கிக் கிடப்பது என்று பெயரெடுத்த பாம்புக்கும் உயரம் வேண்டியிருக்கிறது.

அதனால் எளிய கணக்கு இது: பெட்டியின் நீளம், வளர்ந்த பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. நாலடிப் பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் மிரண்டு இரை எடுக்காது என்பார்கள். அதை மிரட்டுவது பெரும்பாலும் வெட்டவெளிதான். சருகு, மரப்பட்டை, உடல் உரசும் அளவுக்குக் குறுகிய இரண்டு மூன்று மறைவிடங்கள் என்று நிரப்பிக் கொடுத்தால் அச்சம் தணியும்.

இடம் ஏன் வேண்டும் என்பதற்கு நடமாட்டம் பாதிக் காரணம்தான். மீதி வெப்பம். பாம்பு தன் உடல் சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. பந்து மலைப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு முனையில் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால், மறுமுனை 26 அளவில் இருக்க வேண்டும். ஒன்றரை அடிப் பெட்டியில் இந்த வித்தியாசம் நிற்காது. எங்கே போனாலும் ஒரே சூடு.

குளிர்நாட்டுக்காரர் எழுதிய கையேட்டில் பாதிப் பக்கம் சூடேற்றுவதைப் பற்றியே இருக்கும். கொச்சியில் சிக்கல் தலைகீழ். ஏப்ரல் பகலில் அறையே 33 டிகிரியைத் தொட்டுவிடும். மாடி அறைச் சன்னலருகே வைத்த கண்ணாடிப்பெட்டி வெயில் பட்டால் அடுப்புதான். இங்கே குளிர்ந்த மூலையைத்தான் முயன்று உருவாக்க வேண்டும். பெட்டியைத் தரையோரம், வெயில் படாத சுவரருகே வைக்கலாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் விளக்குப் போடக் கூடாது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அடுத்த கவலை ஈரம். காற்றோட்டமில்லாத சிறு பெட்டியில் தரைப்பரப்பு காயாமல் கிடந்து, வயிற்றுச் செதில்கள் அழுகும், சளியும் பிடிக்கும். மேல்மூடியிலும் பக்கவாட்டிலும் வலை வைத்த பெட்டியே இந்த ஊருக்கு ஏற்றது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சியகத்துக்கு 1961இல் ஒரு பந்து மலைப்பாம்பு வந்தது. 2020 ஜூலையில் அது முட்டையிட்டது. அப்போது அதற்கு வயது குறைந்தது 62 என்று கணித்தார்கள். குட்டி வாங்கப் போகிறவர், வீட்டில் நாலடிப் பெட்டிக்கு நிரந்தர இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்கட்டும்.